சொல்லறியாது கண்ட கண்கள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலை எம் வகுப்பிற் பாடமாகக் கேட்டுவந்த நாள்களில் ஒரு நாள் ஒரு வினா எழுந்தது. உள்ளத்து நிகழும் உணர்ச்சி உடலின்வழிப் புறத்தே புலப்படுவதே மெய்ப்பாடு என்றும், அஃது எட்டு வகைப்படும் என்றும் ஆசிரியர் விளக்கி முடித்தார். அப்பொழுது எம்முள் ஒருவர் எழுந்து, "ஐயா, உணர்ச்சி மெய்யிற் புலப்படுமாயின், மொழியறியாத ஒருவனும் பிறநாட்டார் நாடகத்தைக் கண்டு அதன் பொருளை உணர்தல் கூடுமன்றோ?" என்று கேட்டார். ஆசிரியர் சிறிது சிந்தித்து, "கூடுமாயின் நீங்கள் மூன்றாண்டு சொல்லும் பொருளும் கற்பது எற்றுக்கு?" என்று நகைத்துவிட்டு, "ஆராய்ந்து எழுதுக, மலரில் இடம் உண்டு" என்றார். அங்ஙனம் ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

இவ்வினாவிற்கு விடைகாண யாம் தெரிந்தெடுத்தது ஓர் உரைநூல் அன்று. ஒரு மனிதரின் வாழ்க்கை. டானல்ட் ரிச்சி என்னும் அமெரிக்கர், தம் எழுத்து வாழ்க்கையிற் பெரும்பகுதியை ஜப்பானியர்தம் திரைப்படங்களுக்கும் கலைகளுக்கும் இடையே கழித்தவர். பத்திரிகைக் கட்டுரையும் மதிப்புரையும் எழுதி, நூல் இயற்றி, எழுதுகோலையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர். ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசினார். ஆயின் அதனைப் படிக்கவும் எழுதவும் அவருக்குப் பெரும்பாலும் இயலாதிருந்தது. அங்ஙனமிருந்தும், ஜப்பானியத் திரைக்கலையைப் பற்றி மேல்நாட்டார் அறிந்தவற்றுட் பெரும்பங்கு அவர் வழியாகவே அறியப்பட்டது. எம் வினாவிற்கு இவரினும் ஏற்ற சான்று வேறு யாது?

ரிச்சி 1924 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்து லைமா என்னும் ஊரிற் பிறந்தார். சிற்றூர் வாழ்க்கை அவருக்குச் சிறை போலிருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது சரக்குக் கப்பல்களிற் பணியாற்றினார். போர் முடிந்தபின், தோல்வியுற்ற ஜப்பானை நேச நாட்டுப் படைகள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், தட்டெழுத்தராக வேலை ஏற்று 1947 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டோக்கியோ நகரை அடைந்தார். அடைந்த இடம் நகரம் எனப்படினும், கண்ணுக்கெட்டியது சாம்பர் வெளியே. விரைவிற் படைவீரர்க்கென நடந்த ஓர் ஆங்கிலச் செய்தித்தாளில் எழுதுபவரானார்.

அக்காலத்து ஒரு விதியை ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஜப்பானியரின் படக்கொட்டகைகளுக்குட் படையினரும் அவரைச் சார்ந்த பணியாளரும் புகுதல் தடுக்கப்பட்டிருந்தது. ரிச்சியோ அசகுசா முதலிய இடங்களிலுள்ள கொட்டகைகளுள் மறைவாகச் சென்று நுழைந்துவிடுவார். உள்ளே மக்கள் நெருக்கம், வியர்வை நாற்றம், திரையில் ஓடும் கதை யாதென்று சொல்லுவார் எவருமிலர். ஒரு சொல்லும் விளங்காத நிலையில் அவர் என் செய்வார்? பார்த்தார். மாந்தர் எங்ஙனம் அமர்கின்றனர், யார் யாருக்கு முதுகு காட்டுகின்றனர், ஒருவர் அறையை விட்டு நீங்கியபின் அவ்வெற்றறையைப் படம் எத்துணை நேரம் காட்டுகின்றது என்பவற்றையே பார்த்தார். கதை அறிந்தவன் கதையின் பின்னே ஓடுவான். கதை அறியாதவன் நின்ற இடத்தில் நின்று சுவரையும் சாளரத்தையும் காண்பான். தடையை மீறிப் புகுந்த அவ்விருட்டறையே ரிச்சியின் முதற் கல்லூரி எனின் அது மிகையாகாது.

இதனையொத்த நிகழ்ச்சி மற்றொன்றும் உண்டு. பின்னாளில், 1968 இல், நோபெல் பரிசு பெற்ற நாவலாசிரியர் கவபாத்தா யசுநாரியை ரிச்சி 1947 இல் அசகுசாவிற் சந்தித்தார். இருவரும் அங்கிருந்த ஒரு கோபுரத்தின்மேல் ஏறி, எரிந்துபோன பகுதியை நோக்கி நின்றனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கவபாத்தா அசகுசாவைப் பற்றி இளமையில் எழுதிய தொடர்கதையில் வரும் பெண்ணொருத்தியின் பெயரை ரிச்சி மெல்ல உச்சரித்தார். கவபாத்தா முறுவலித்து ஒரு திசையைச் சுட்டிக் காட்டினார். உரையாடல் அவ்வளவே. ஒரு பெயரும் ஒரு விரலும்! எனினும், அந்நாளைத் தம் வாழ்நாள் முழுதும் ரிச்சி மறந்திலர். 

இவற்றைப் படித்தபின் யாமும் ஒரு சோதனை செய்து பார்க்கத் துணிந்தோம். விடுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, ஐவர் கூடி, ஒரு மடிக்கணினியில் ஓசு யசுஜிரோ இயக்கிய 'டோக்கியோ கதை' என்னும் 1953 ஆம் ஆண்டுப் படத்தைக் கண்டோம். சப்டைட்டில் எனப்படும் அடிவரிகளை முற்றும் நீக்கிவிட்டோம். படம் இரண்டேகால் மணி நேரம் ஓடுவது. முதல் அரைமணியில் இருவர் உறங்கிவிட்டனர் என்பதை மறையாது கூறுகின்றோம். எஞ்சிய மூவரும் கண்டது இது: முதியோர் இருவர் தொலைவூரிலிருந்து புறப்பட்டுப் பெருநகரத்திலுள்ள மக்களைக் காண வருகின்றனர். மக்களுக்கு நேரமில்லை. பெற்றோரைக் கடற்கரை விடுதி ஒன்றிற்கு அனுப்பிவிடுகின்றனர். அங்கோ இரவெல்லாம் ஆரவாரம், உறக்கமில்லை. இளம்பெண் ஒருத்தி மட்டும் வேலையினின்று விடுப்புப் பெற்று அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகின்றாள். தன் சிற்றறைக்கு அழைத்துச் சென்று, பக்கத்து வீட்டில் மதுவும் கிண்ணமும் இரவல் வாங்கி விருந்திடுகின்றாள். முதியோர் ஊர் திரும்புகின்றனர், தாய் இறக்கின்றாள். முதியவர் அவ்விளம்பெண்ணிடம் இறந்தவளின் கடிகாரத்தைக் கொடுக்கின்றார்.

இவ்வளவும் ஒரு சொல்லும் அறியாமலே விளங்கின. அழுகை விளங்கியது, அழாமல் அடக்கியதும் விளங்கியது. மெய்ப்பாட்டியல் வென்றது என்று யாம் மகிழ்ந்தோம். மறுநாள் அடிவரிகளுடன் அதே படத்தை மீண்டும் கண்டபோது அம்மகிழ்ச்சி ஒடுங்கிற்று. அவ்விளம்பெண்ணை அவர்களின் கடைசி மகள் என்றே யாம் மூவரும் எண்ணியிருந்தோம். அவள் மகள் அல்லள், மருமகள். போரில் மடிந்த இரண்டாம் மகனின் கைம்பெண். அவள் அறையில் இருந்த இளைஞனின் படத்தை யாம் முந்திய இரவும் கண்டோம். தமையனாக இருக்கலாம் என்று கடந்துவிட்டோம். ஈன்ற மக்கள் ஒதுக்கிய முதியோரைக் குருதித் தொடர்பில்லாத ஒருத்தி தாங்குகின்றாள் என்பதே அப்படத்தின் உயிர்நிலை. எம் கண்கள் அன்பைச் சரியாக அளந்தன. அவ்வன்பின் விலையை அளக்கத் தவறின. "மறுமணம் செய்துகொள்" என்று மாமியும் மாமனும் அவளை வற்புறுத்தும் இடங்களை, உணவு உண்ணுமாறு உபசரிக்கின்றனர் போலும் என்று யாம் எண்ணியிருந்தமை இப்பொழுதும் நாணத்தைத் தருகின்றது.

ஆசிரியரின் நகைப்பிற்கு விடை பாதி கிடைத்தது. மறுபாதிக்கு மீண்டும் ரிச்சியினிடம் செல்ல வேண்டும்.

அவர் இசையமைப்பாளர் ஹயசாகா புமியோவின் துணையால், 1948 இல் 'குடிகாரத் தேவதை' என்னும் படம் உருவாகிக்கொண்டிருந்த களத்திற்குச் சென்று குரொசாவா அகிராவைக் கண்டார். கவகிதா கஷிகோ என்னும் அம்மையாரின் நட்பால் ஓசுவின் அறிமுகமும் பெற்றார். இடையே தாயகம் சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று 1953 இற் பட்டம் பெற்று, மறு ஆண்டே டோக்கியோவிற்கு மீண்டு 'ஜப்பான் டைம்ஸ்' இதழிற் படத்திறனாய்வாளரானார். அது முதல், 1969 முதல் 1972 வரை நியூயார்க்கு நவீனக்கலைக் காட்சிச்சாலையின் திரைப்படப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த காலம் முதலிய சில இடைவெளிகள் நீங்கலாக, அந்நகரமே அவருக்கு ஊர்.

தனித்து எழுதிப் பிழைப்பவர் வாழ்க்கை எத்தகையது என்பதை அவர் செய்த பணிகளின் பட்டியே காட்டும். படமதிப்புரை, நூல்மதிப்புரை, பிறர் நூலுக்கு முன்னுரை, சொற்பொழிவு, பயணநூல், உணவு பற்றி ஒரு நூல், பச்சைகுத்தும் கலை பற்றி ஒரு நூல், பச்சிங்கோ என்னும் சூதாட்டப் பொறியின்முன் நாள் முழுதும் அமர்ந்திருப்போரைப் பற்றிக் கட்டுரை, இளைஞரின் உடை விநோதங்களைப் பற்றி நூல், தாமே எடுத்த குறும்படங்கள், குரொசாவாவின் சில படங்களுக்கு ஆங்கில அடிவரிகள். உயர்ந்தது என்றும் தாழ்ந்தது என்றும் பாராது, கண்ணிற் பட்டதையெல்லாம் எழுதினார். திங்கள்தோறும் ஊதியம் பெறுவோர் இதனை விரிந்த உள்ளம் என்பர். வாடகை செலுத்த வேண்டியவர் இதனைத் தேவை என்பர். இரண்டும் உண்மையே என்று எமக்குத் தோன்றுகின்றது. 

இவ்வுழைப்பின் பயன் சிறிதன்று. குரொசாவாவின் 'ரஷோமோன்' 1951 இல் வெனிசு விழாவிற் முதற்பரிசு பெற்றபின்னரே மேல்நாட்டார் ஜப்பானியப் படங்களை நோக்கத் தலைப்பட்டனர். ரிச்சியும் ஜோசப் ஆண்டர்சனும் சேர்ந்து 1959 இல் வெளியிட்ட வரலாறே அத்துறையில் ஆங்கிலத்தில் தோன்றிய முதற்பெருநூல். குரொசாவாவைப் பற்றிய தனிநூல் 1965 இலும், ஓசுவைப் பற்றியது 1974 இலும் வந்தன. ஓசுவின் படங்கள் மிகுதியும் ஜப்பானியத் தன்மையுடையன, அயலார்க்கு விளங்கா என்று அவற்றை எடுத்த நிறுவனத்தாரே கருதித் தயங்கியிருந்தனர். சொல்லறியாது இருட்டில் அமர்ந்து கற்றவர்க்கு அத்தயக்கம் இல்லை; 1963 ஆம் ஆண்டு பெர்லின் விழாவில் ஓசுவின் படங்களைத் தொகுத்துக் காட்டச் செய்தார். அவ்வாண்டு டிசம்பர் 12 ஆம் நாள், தம் அறுபதாம் பிறந்தநாளன்றே, ஓசு காலமானார்.

போப் ஐயரின் மொழிபெயர்ப்புக்களைப் போற்றும் மாணவர்களாகிய எமக்கு ஓர் ஐயம் எழாமலில்லை. ஐயரவர்கள் தமிழை இலக்கணத்தொடு கற்று, கற்பித்து, 1886 இற் குறளையும் 1900 இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்தனர். நாவலும் நாளிதழும் தாமே படிக்கமாட்டாத ஒருவரை அவர்க்கு ஒப்பவைத்தல் தகுமோ? தகாது. ஆயின் ரிச்சி தம்மை ஜப்பானியர் என்றோ அவர்தம் இலக்கியப் புலவர் என்றோ ஒருகாலும் சொல்லிக்கொண்டிலர். அயலான் அயலானாகவே நின்று கண்டதைக் கூறுவதே தம் தொழில் என்று கொண்டார். உள்ளே முழுதும் சேரவும் முடியாது, விட்டுத் திரும்பவும் மனமில்லாது வாசற்படியில் அமர்ந்திருப்பவர் நிலை அது. அந்நிலையில் ஒரு தனிமை உண்டு. அவரோ அத்தனிமையை விடுதலை என்று கொண்டார்.

வாசற்படியிலிருந்து கண்டதன் வலியும் மெலிவும் ஒருங்கே புலப்படும் இடம் ஒன்று உண்டு. ஓசுவின் 'வேனிற்பருவத்தின் பிற்பகுதி' என்னும் 1949 ஆம் ஆண்டுப் படத்தில், திருமணத்திற்கு இசைந்துவிட்ட மகளும் மனைவியை இழந்த தந்தையும் கியோத்தோ நகர விடுதியில் ஓரறையிற் படுத்திருக்கின்றனர். ஹாரா செத்சுகோவும் ரியூ சிஷூவும் நடித்தது. மகள் ஏதோ பேசுகின்றாள், தந்தை உறங்கிவிட்டார். அவள் முகத்தில் முறுவல். உடனே படம் அறையின் மூலையிலுள்ள ஒரு பூச்சாடியைக் காட்டுகின்றது. பின்னே தாட்சாளரத்தில் மூங்கிலின் நிழல். மீண்டும் அவள் முகம். இப்பொழுது கண்ணீர் ததும்பும் நிலை. மறுபடியும் அச்சாடி. எந்நேரத்தில் முறுவல் துயராயிற்று? சாடியை நாம் நோக்கிக்கொண்டிருந்த சில நொடிகளில்!

காண்போர் தம் உணர்ச்சியைப் பெய்து வைத்தற்குரிய கலமாக அச்சாடி அமைந்தது என்பது ரிச்சியின் கருத்து. பின்வந்த அறிஞர் பலர் இதனை மறுத்தனர். சாடி மட்டும் அன்று, சாளரமும் நிழலும் அங்கு உண்டே. அன்றியும், ஓசு தம் படமெங்கும் வெற்றிடங்களையும் பொருள்களையும் இடையிடையே காட்டுவது அவர்தம் நடைமுறை. அதற்கு ஆழ்ந்த தத்துவம் கற்பித்தல் அயலாரின் விருப்பம் என்றனர். அகப்பாட்டிற் கருப்பொருளின் புறத்தே பிறக்கும் இறைச்சிப்பொருளைப் பயின்ற எமக்கு, ரிச்சியின் பக்கம் சாயவே உள்ளம் விழைகின்றது. ஆயினும் அவ்விழைவையே யாம் ஐயுறுகின்றோம். தமக்குப் பழகிய கோலால் அயலார் நிலத்தை அளப்பதில் அமெரிக்கரென்றும் தமிழரென்றும் வேறுபாடில்லை. முந்திய இரவு மருமகளை மகளாக்கிய கண்கள் அல்லவோ எம்முடையவை! அச்சாடியை இறைச்சி என்று பெயரிட்டெழுதத் துணிந்திலோம்; முறுவலுக்கும் கண்ணீருக்கும் இடையே அது நிற்கின்றது என்பதோடு நிறுத்துகின்றோம்.

இதுகாறும் கூறிய படங்கள் விழாக்களிற் பரிசு பெறுவன. இவற்றிற்கு அப்பால் வேறொரு திரள் உண்டு. பூதப்படங்கள், கள்வர்கூட்டப் படங்கள், பேய்ப்படங்கள் என மக்கள் கூட்டமாய்ச் சென்று கண்டுவிட்டு மறந்தவை. பிற்காலத்தில் ஒருசிலர் தேடியெடுத்துப் பத்தியொடு போற்றுபவை. வழிபாட்டுக் குழுவைக் குறிக்கும் 'கல்ட்' என்னும் சொல்லால் இவற்றை அழைப்பது இதனாற்போலும். இவற்றைப் பற்றி எழுதி வாழ்வோர் ரிச்சிக்குப் பின் ஒரு தலைமுறையாகத் தோன்றினர். கலிபோர்னியாவைச் சேர்ந்த பாட்ரிக் மேசியாஸ் 2001 இல் வெளியிட்ட 'டோக்கியோஸ்கோப்' அவ்வகை நூல்களுள் ஒன்று. இவர்கள் விழாமேடையை நோக்காது, பழைய வீடியோ நாடாக்களையும் கிழிந்த சுவரொட்டிகளையும் நாடிச் சென்றனர்.

இவர்கள் செய்தது வெறும் விளையாட்டோ எனின், அன்று. ரிச்சி மீண்டு வந்த அதே 1954 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தோஹோ என்னும் ஒரே நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலில் குரொசாவாவின் 'ஏழு சாமுராய்'களையும், நவம்பர் 3 ஆம் நாள் ஹொண்டா இஷிரோவின் 'கொஜிரா'வையும் வெளியிட்டது. மேல்நாட்டில் 'காட்சில்லா' என்று பெயர் திரிந்த பூதம் அதுவே. முன்னது காவியம், பின்னது சிறுவர்க்குரியது என்பது பொதுக்கருத்து. ஆயின் இரண்டிலும் ஷிமுரா தகாஷி தலைமைப் பாத்திரம் ஏற்றார். பூதத்தின் பாரமான ரப்பர் உடைக்குள் நின்று நடித்த நகாஜிமா ஹருவோ, 'ஏழு சாமுராய்'களில் ஒரு கொள்ளைக்காரனாகச் சிறுவேடம் தாங்கியவர். ஹொண்டாவும் குரொசாவாவும் ஒரே ஆசிரியரிடம் தொழில் பயின்ற நண்பர்கள். பூதத்தின் முழக்கமோ, இசையமைப்பாளர் இபுகுபே அகிரா பிசின் தடவிய தோலுறையால் ஒரு பெரும்பிடிலின் தளர்ந்த தந்தியை உராய்ந்து எழுப்பியது.

அப்படம் எதனைப் பற்றியது? அயலார் ஆட்சி நடந்த 1945 முதல் 1952 வரையிலான காலத்தில் அணுகுண்டின் கொடுமையை வெளிப்படையாகப் பேசுதல் தணிக்கைக்கு உட்பட்டிருந்தது. ஆட்சி நீங்கி ஈராண்டிற்குள், 1954 மார்ச்சு 1 ஆம் நாள், பிக்கினித் தீவில் அமெரிக்கர் நிகழ்த்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடி படகின்மீது பொழிந்தது. அதிலிருந்தோர் 23 பேர்; செப்டம்பரில் அவருள் ஒருவர் இறந்தார். அடுத்த நவம்பரில் வெளிவந்த 'கொஜிரா', கடலில் ஒரு படகு திடீரென ஒளியிற் பற்றி எரியும் காட்சியொடு தொடங்குகின்றது. கொட்டகையில் இருந்தோர்க்கு அதன் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1956 இல் அப்படம் வெளியானபோது, ரேமண்டு பர் என்னும் நடிகரை ஒரு பத்திரிகையாளராகப் புதிதாய்ப் படம்பிடித்து இடையிற் செருகினர். 96 நிமிடப் படம் பழைய பகுதிகள் பல இழந்து 80 நிமிடமாயிற்று. பூதம் எஞ்சியது, பேச்சுப் போயிற்று. ஜப்பானியப் பழைய வடிவம் அமெரிக்கக் கொட்டகைகளிற் பரவலாகக் காட்டப்பட்டது 2004 இலேதான். இடைப்பட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டு, ரப்பர்ப் பூதம் என்று நகையாடியோரே பலர். நகையாதிருந்து, வெட்டப்பட்ட பகுதிகளைத் தேடி, ஒப்பிட்டெழுதியவர்கள் மேற்கூறிய தனியெழுத்தாளரும் அவர்போலும் ஆர்வலருமே. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த பதிப்பாசிரியர்களின் பணியை அறிந்த எமக்கு, இதனைச் சிறுபிள்ளை வேலை என்று தள்ள மனம் வரவில்லை.

ரிச்சி தம் முதுமையை யுவேனோ பகுதியில் ஷினோபாசு குளத்தை நோக்கிய ஒரு சிறு குடியிருப்பிற் கழித்து, 2013 பிப்ரவரி 19 ஆம் நாள் தம் 88 ஆம் வயதில் டோக்கியோவிலேயே மறைந்தார்.

'கொஜிரா'வையும் யாம் முதலில் அடிவரியின்றியே கண்டோம். இம்முறை எவரும் உறங்கவில்லை. படத்தின் நடுவே ஓர் இரயில்வண்டிக் காட்சி வருகின்றது. அலுவலகத்திற்குச் செல்லும் பெண் ஒருத்தியும் ஆடவர் இருவரும் செய்தித்தாளைப் பார்த்தவாறு இயல்பாகப் பேசிக்கொண்டு செல்கின்றனர். அவள் முகத்தில் அழுகையும் இல்லை, அச்சமும் இல்லை. சிறிது சலிப்பு மட்டுமே. எட்டு மெய்ப்பாட்டுள் எதிலும் அதனை அடக்க எம்மால் இயலவில்லை. ஏதோ ஊர்ப்பேச்சு என்று கடந்துவிட இருந்தோம். அப்பொழுது அவள் வாயினின்று வந்த சொற்களுள் ஒன்று மட்டும் எமக்கு விளங்கிற்று: நாகசாகி. ஐவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். படத்தை நிறுத்தி, அடிவரிகளை இட்டு, அக்காட்சியை மீண்டும் ஓட்டினோம். நாகசாகியின் குண்டிற்குத் தப்பி வந்தவள் தான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். 1956 ஆம் ஆண்டு அமெரிக்கர் கண்ட படத்தில் அப்பேச்சு இல்லை.